உப்பில் நடக்கும் அலை

கற்பிட்டித் துறையில் வள்ளம் ஏறி, களப்பைக் கடந்து வடக்கே போனால் உச்சமுனை வரும். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் மணலும் தென்னையும் கண்டலும். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாலையில் அந்தக் கரையில் ஒரு முதியவரின் வாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் அவருடைய ரேடியோ இருந்தது. உப்புக்காற்று உள்ளே போகாமலிருக்கப் பொலித்தீன் உறையில் போட்டு, வலைநூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். முள்ளைத் திருப்பும் சக்கரத்துக்கு மட்டும் பொலித்தீனில் ஒரு சிறு கிழிசல். பழைய பற்றரிகள் நான்கு வாடிக் கூரையின் ஓலையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

“எந்த நிலையம் கேட்பீங்க ஐயா?” என்றேன்.

“காத்து மழைக்குத் தூத்துக்குடி. தூத்துக்குடிக்காரன் காத்து வருது எண்டு சொன்னா இஞ்சயும் வரும் தம்பி. கொழும்பில சொல்றது கொழும்புக்கு.”

வானிலை பற்றிய தகவலாகத்தான் அதை அப்போது எடுத்துக்கொண்டேன். பிறகு வரைபடத்தை விரித்து அளந்து பார்த்தபோதுதான், இயற்பியலையும் சேர்த்தே அவர் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது. உச்சமுனையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 160 கிலோமீற்றர். தூத்துக்குடி ஏறத்தாழ 180. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து வரும் அலை மணலும் தோட்டமும் ஊரும் கடந்து வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து 1053 கிலோஹேர்ட்ஸில் புறப்படும் ஆகாசவாணியின் அலைக்குக் குறுக்கே ஒரு மரம்கூட இல்லை. முழுக்க உப்புத் தண்ணீர்.

அந்த உப்புத் தண்ணீரில்தான் இந்த அத்தியாயத்தின் கதை இருக்கிறது.

மத்திய அலை வானொலி 526.5 முதல் 1606.5 கிலோஹேர்ட்ஸ் வரையான இடத்தில் இயங்குகிறது. 1053 கிலோஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் 285 மீற்றர். ஒரு அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு நடந்துபோக மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும். இவ்வளவு நீளமான அலையில் ஒரு பகுதி நிலத்தை விட்டு எழும்பிப் பறப்பதில்லை. கோபுரத்திலிருந்து புறப்பட்டுத் தரையைத் தொட்டபடியே, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து போகும். தரை அலை என்ற பெயர் அதனால்தான் வந்தது. தொட்டுக்கொண்டு போவதற்கு அது விலை கொடுக்கவும் வேண்டும். தரையில் சிறு மின்னோட்டங்களைத் தூண்டிவிடுகிறது. தரை அந்த மின்னோட்டத்தை எதிர்த்தால், அலையின் ஆற்றல் சூடாகி மண்ணுக்குள் போய்விடும்.

காய்ந்த மணல் மோசமான கடத்தி. கடல்நீர் அதைவிட ஏறக்குறைய 5000 மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். ஒரு மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலை காய்ந்த மணலுக்குள் பதினைந்து மீற்றருக்கு மேல் இறங்கி ஆற்றலைத் தொலைக்கிறது. கடல்நீரில் அது இறங்கும் ஆழம் சுமார் 22 சென்றிமீற்றர், அதாவது ஒரு சாண். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து நீருக்குள் வைத்துப் பாருங்கள். வானொலி அலைக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான். அதற்குக் கீழே அதற்கு வழியும் இல்லை, செலவும் இல்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. ஒரே வலுவுள்ள இரு நிலையங்கள். ஒன்றின் அலை 100 கிலோமீற்றர் கடல்மேல் வருகிறது, மற்றது 100 கிலோமீற்றர் காய்ந்த மணல்மேல் வருகிறது. மணல்வழி வரும் அலையின் புலவலிமை கடல்வழி வருவதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஆற்றல் புலவலிமையின் இருமடிப்படி போவதால், அந்த நூறில் ஒன்றை ஈடுகட்ட மணல்பக்க நிலையம் தன் மின்வலுவைப் பத்தாயிரம் மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். எந்த நாட்டு அரசாலும் முடியாததை உப்பு இலவசமாகச் செய்து கொடுக்கிறது.

இதைப் பொறியியலாளர் நன்றாக அறிவார்கள். மத்திய அலைக் கோபுரத்தின் உயரம் வழக்கமாக அலைநீளத்தில் கால் பங்கு. அதன் அடியில் சக்கரத்தின் ஆரக்கால் போல நூற்றுக்கு மேற்பட்ட செப்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைப்பார்கள். மண்ணே ஏரியலின் மறுபாதியாக வேலை செய்வதால் அது ஈரமாகவும் உப்பாகவும் இருந்தால் நல்லது. உப்பளங்களுக்குப் பேர்போன புத்தளத்துக்குக் கோபுரங்கள் வந்ததில் வியப்பில்லை. 1978ல் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ நிறுவனம் 400 கிலோவாட் வலுவோடு 882 கிலோஹேர்ட்ஸில் அங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. 340 மீற்றர் அலைநீளம். கால் பங்கு 85 மீற்றர். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிகழ்ச்சிகளும் புத்தளத்திலிருந்து 1125 கிலோஹேர்ட்ஸில் போயிருக்கின்றன. அதே மாவட்டத்தில் சிலாபத்துக்குப் பக்கத்தில் இரணவிலவில் அமெரிக்காவின் சிற்றலை நிலையம் இருந்தது. அது 2016ல் மூடப்பட்டது. கிழக்குக் கரையில், திருகோணமலையில் 1984ல் தொடங்கிய ஜெர்மன் நிலையம் 1548 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாட் அனுப்பியது. 2010களில் ஜெர்மனியர் விலகிக்கொண்டார்கள்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தக் கரைகளில் எழும்பிய பெரிய கோபுரங்கள் எல்லாம் தூரத்து மக்களோடு பேசக் கட்டப்பட்டவை. இந்தியாவுக்கு, அப்பால் ஆசியாவுக்கு. கோபுரத்தின் நிழல் விழும் களப்பில் இறால் பிடிப்பவரோடு அவரது பேச்சில் பேசவென்று யாரும் ஒன்றை நாட்டவில்லை. 1979ல் அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவை தொடங்கியது நல்ல காரியம், நாட்டின் பிராந்திய வானொலிக்கு அது ஆரம்பம். ஆனால் அது சிங்களத்தில், உழவரின் வானொலியாக வளர்ந்தது. கற்பிட்டித் தீவுகளின் தமிழ் பேசும் முஸ்லிம், கத்தோலிக்க மீனவக் குடிகளுக்கு உள்ளூர் வானொலி எது என்று கேட்டால், பதில் வளைகுடாவுக்கு அக்கரையில் இருந்தது.

உள்ளூர் என்ற சொல்லை நாம் மாவட்ட எல்லை வைத்து அளக்கிறோம். மத்திய அலை அப்படி அளப்பதில்லை. அதற்கு ஒரே நீரைத் தொடும் கரைகள் எல்லாம் ஒரே ஊர். தூத்துக்குடி, கீழக்கரை, பாம்பன், மன்னார், அரிப்பு, கற்பிட்டி: மன்னார் வளைகுடாவைச் சுற்றியிருக்கும் இத்தனை துறைகளுக்கும் ஒரே கச்சான் காற்று, ஒரே வாடைக் காற்று, ஒரே மொழி. அலையும் ஒன்றாகவே இருந்தது. கடவுச்சீட்டும் கடற்படையும் இரண்டாக்கிய கடலை ஒரு மரப்பெட்டி ரேடியோ ஒன்றாகவே வைத்திருந்தது. எதிர்த் திசையிலும் அப்படித்தான். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவைக்குத் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் காது கொடுத்தன என்பதை அந்தத் தலைமுறையைக் கேட்டால் தெரியும். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்ற பெயர்களை அங்கே சொந்தக்காரர் பெயர்போலச் சொல்வார்கள். குரலின் அழகுக்கு அறிவிப்பாளர்கள் காரணம். அந்தக் குரல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததில் கடலுக்கும் பங்கு உண்டு.

அன்று மாலை பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதியவர் முள்ளை மெல்லத் திருப்பினார். பகல் முழுக்க வெறும் இரைச்சலாக இருந்த இடங்களில் குரல்கள் முளைக்கத் தொடங்கின. முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு மலையாளமோ கன்னடமோ, பிறகு தெளிவாகத் திருச்சி, 936. இன்னும் இருட்டியபோது சென்னை, 720. ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து.

இதற்கு ஆகாயம் காரணம். தரைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீற்றர் வரை, சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற மெல்லிய காற்று இருக்கிறது. அதற்கு டி அடுக்கு என்று பெயர். பகலில் மேல்நோக்கிப் போகும் மத்திய அலையை அது விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அங்குள்ள மின்துகள்கள் தம் இணைகளோடு சேர்ந்து அடங்கிவிடுகின்றன, அடுக்கு கலைகிறது. அலை மேலே இன்னும் உயரத்துக்குப் போய், இரவிலும் நிலைத்திருக்கும் அடுக்குகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி இறங்குகிறது. பகலில் தரை அலை, இரவில் அதோடு வான் அலையும்.

வானத்தில் இப்படியொரு கூரை இருக்கிறது என்பதை நிரூபிக்க உதவியது ஒரு சிறிய உள்ளூர் வானொலி என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறையும். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத் என்ற ஊரில் பிபிசிக்கு ஒரு நிலையம் இருந்தது. 1924 டிசம்பரில், நள்ளிரவில் வழக்கமான நிகழ்ச்சி முடிந்த பிறகு, எட்வர்ட் ஆப்பிள்டனும் அவருடைய மாணவர் மைல்ஸ் பார்னெட்டும் அந்த நிலையத்தின் அலையெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றச் சொன்னார்கள். ஒக்ஸ்போர்டில் கருவியோடு உட்கார்ந்து கேட்டார்கள். நேராக வந்த தரை அலையும் மேலே பட்டுத் திரும்பிய வான் அலையும் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் சமிக்ஞையை ஏற்றி இறக்கின. அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணி, கூரை ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஆப்பிள்டனுக்கு 1947ல் நோபல் பரிசு கிடைத்தது. இரவில் பழைய ரேடியோவில் பாட்டு ஏறி இறங்கியதைக் கேட்டிருந்தால், அதே ஆய்வை நீங்களும் வீட்டில் செய்திருக்கிறீர்கள்.

சின்ன நிலையங்களுக்கு இந்தக் கூரை எமனாகவும் ஆனது. தூரத்துப் பெரிய நிலையத்தின் வான் அலை இரவில் இறங்கி, அதே அலையெண்ணில் பேசும் உள்ளூர்க் குரலை மூடிவிடும். அமெரிக்காவில் எத்தனையோ சிற்றூர் நிலையங்களுக்குப் பொழுது சாயும்போது வாய் மூட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் உரிமமே கொடுத்தார்கள். பகல் நிலையம் என்றே அவற்றுக்குப் பெயர். மார்கழியில் பொழுது சீக்கிரம் சாய்வதால் மாலைச் செய்தி சொல்லவும் நேரமிருக்காது. அங்கே சிறிய மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோனதில் இந்த நிபந்தனைக்கும் பங்கு உண்டு.

மற்றக் காரணங்கள் எல்லா நாட்டுக்கும் பொது. முதலாவது மின்சாரம். மத்திய அலையில் ஒலி ஒரு சுமை. அதைத் தூக்கிச் செல்லும் அலையைச் சுமப்பி என்போம். நிலையம் உச்ச அளவில் ஒலியேற்றி அனுப்பும்போதுகூட மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு சுமப்பிக்கே போகும்; செய்தி எதுவும் அதில் இல்லை. அறிவிப்பாளர் மூச்சு விடும் நேரத்திலும் சுமப்பி முழு வலுவோடு ஓடும். மௌனத்துக்கும் மின்கட்டணம். 50 கிலோவாட் நிலையம் ஒன்று நாளுக்கு 18 மணித்தியாலம் இயங்கினால், ஏரியலில் இறங்குவது மட்டுமே 900 அலகு. மாதம் 90 அலகு எரிக்கும் பத்து வீடுகளின் ஒரு மாத மின்சாரம் ஒரே நாளில் போய்விடும். கருவியில் வீணாகும் வெப்பமும் குளிரூட்டலும் தனிக்கணக்கு. கோபுரத்துக்கும் புதைத்த கம்பிகளுக்கும் வேண்டிய நிலமோ, ஊர் வளர வளர, ஒலிபரப்பைவிட விலை மதிப்பாகிவிடும்.

இரண்டாவது, எப்.எம். 1990களில் இலங்கையில் தனியார் எப்.எம். நிலையங்கள் வரிசையாக வந்தன; தமிழில் சூரியனும் சக்தியும் 1998ல் தொடங்கின. இடியும் மின்னலும் இடையூறு செய்யாத துல்லியமான ஒலி. அதை விரும்பியவரைக் குறை சொல்ல முடியாது, நானும் விரும்பினேன். பிறகு கைப்பேசி வந்தது. எப்.எம். அலை மூன்று மீற்றர் நீளம்தான் என்பதால் காதில் மாட்டும் வயரே அதற்கு ஏரியல் ஆகிவிடும். மத்திய அலையைப் பிடிக்க விரல் நீளத்துக்காவது ஒரு ஃபெரைட் தண்டும் அதன்மேல் செப்புச் சுருளும் வேண்டும். கைப்பேசியில் அதற்கு இடமில்லை. ஜெர்மனியின் பொது வானொலி 2015 கடைசி நாளோடு மத்திய அலையை விட்டது. பிபிசி தன் உள்ளூர் நிலையங்கள் பலவற்றின் மத்திய அலைக் கருவிகளை 2018ல் நிறுத்தியது. இந்தியாவில் ஆகாசவாணி முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலைக் கருவிகளை டிஜிட்டல் முறைக்கு ஏற்றதாக மாற்றியது. நல்ல தொழில்நுட்பம்தான், ஆனால் அதைக் கேட்கும் பெட்டி ஏழை வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

கரையில் இருப்பவருக்கு எப்.எம். போதும். வள்ளத்தில் இருப்பவருக்கு? எப்.எம். அலை தரையோடு வளையாது. கண்ணுக்குத் தெரியும் எல்லையை ஒட்டியே அதன் எல்லையும். 50 மீற்றர் உயரக் கோபுரம், கடல்மட்டத்துக்கு 2 மீற்றர் மேலே வள்ளத்தில் ஒரு ரேடியோ: இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும் தூரம் சுமார் 35 கிலோமீற்றர். மன்னார் வளைகுடா அதைப்போலப் பல மடங்கு அகலம். அமைதியான நாட்களில் கடல்மேல் காற்று அடுக்கடுக்காகப் படிந்து குழாய்போல் ஆகி, தமிழ்நாட்டு எப்.எம். நிலையங்களைக் கற்பிட்டிக் கரைக்குக் கொண்டுவருவது உண்டு. ஆனால் அது வந்தால் வரும். காற்று எழும்பி அடுக்குகள் கலைந்ததும் குழாய் உடைந்துவிடும். தகவல் மிக அவசியமான நேரத்தில்தான் அது இல்லாமல் போகும்.

இன்னொரு வேறுபாட்டையும் கடலில் போனவர் சொல்வார்கள். எப்.எம். தேய்வதில்லை, அறுந்துவிடும். ஒரு கட்டம் வரை பளிச்சென்று கேட்டு, அதைத் தாண்டியதும் வெறும் இரைச்சல். மத்திய அலை மெல்ல மெல்லத் தேயும். பாட்டு கேட்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பிறகும், இரைச்சலுக்கு அடியில் ‘தென்மேற்கு’ என்ற சொல்லையும் ‘கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற சொல்லையும் காது பொறுக்கி எடுத்துவிடும்.

2017 நவம்பர் 30ல் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த மீனவருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கைப்பேசிக் கோபுரங்களைத் தாண்டி அவர்கள் என்றோ போய்விட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அதன் பிறகு செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் இந்தியாவில் வந்தன. வரட்டும், எல்லா வள்ளத்துக்கும் வரட்டும். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெருங்கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும் நாவ்டெக்ஸ் என்ற உலக முறை இன்றும் 518 கிலோஹேர்ட்ஸில் இயங்குகிறது. நம் மத்திய அலைவரிசையின் கீழ்வாசலுக்கு அடுத்த வீடு அது. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கடலைத் தாண்டிச் செய்தி போக, உப்புநீர்மேல் நடக்கும் இந்த அலைதான் நம்பகமானது என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். கப்பல் அதைத் தாளிலும் திரையிலும் வாசிக்கிறது. 18 அடி வள்ளத்தில் போகிறவருக்கு அதே அலை, அவரது மொழியில், ஒரு சின்னப் பெட்டி வழியாக வந்துகொண்டிருந்தது. கப்பலுக்கு வைத்துக்கொண்டதை வள்ளத்துக்கு ஏன் விட்டுவிட்டோம்?

அன்றிரவு முதியவரிடம் ரேடியோவை வாங்கி ஒரு சோதனை செய்து காட்டினேன். புத்தளத்தின் நிலையத்தில் முள்ளை வைத்து, பெட்டியைக் கையில் கிடையாகப் பிடித்து மெல்லச் சுற்றினேன். ஓரிடத்தில் குரல் சட்டென்று மெலிந்தது. உள்ளே கிடக்கும் ஃபெரைட் தண்டின் முனை நிலையத்தைச் சுட்டும்போது அப்படி நடக்கும், அலையின் காந்தப்புலம் சுருளின் ஊடாகப் போகாது. “இப்ப புத்தளம் இந்தப் பக்கம்,” என்று களப்பின்மேல் தெற்கே காட்டினேன். தூத்துக்குடியில் வைத்துச் சுற்றினேன். இம்முறை தண்டு மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து நின்றபோது குரல் அடங்கியது. இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் இழுத்தால் வெட்டும் இடத்தில் நாம் நிற்கிறோம். திசைகாட்டி ஒன்று கையில் இருந்தால், நடுக்கடலில், இருட்டில், விண்மீன் இல்லாத இரவிலும் இது வேலை செய்யும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெட்டியை வாங்கித் தானே சுற்றிப் பார்த்தார். மூன்று தரம் சுற்றினார், மூன்று தரமும் குரல் அதே இடத்தில் மெலிந்தது. “நாப்பது வருஷமா இதைக் கையில வச்சிருக்கன்,” என்றார்.

குளிர் ஏறியதால் வாடிக்குள் போனோம். உள்ளே ரேடியோ கரகரத்தது. கூரையில் ஒரு சூரியத் தகடு, அதில் ஓடும் ஒரு எல்.ஈ.டி. விளக்கு. இந்த விளக்குகளையும் சார்ஜர்களையும் இயக்கும் சிறிய மின்சுற்றுகள் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி ஒலிபரப்பு. அது மத்திய அலைவரிசை முழுக்கச் சிதறும். நகரத்து வீடுகளில் மத்திய அலை எப்போதோ இறந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ஆயிரம் விளக்குகள் என்றால் இங்கே ஒன்று. ஆனாலும் பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும் அந்த ஒன்று, 180 கிலோமீற்றருக்கு அப்பால் பேசும் மனிதரை மூடப் போதும்.

இதெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செய்திக்கு முந்திய இசை தொடங்கியதும் அவர் உள்ளே திரும்பி, பேரனிடம், “லைற்றை நூரு வாப்பா,” என்றார். பையன் விளக்கை அணைத்தான். இரைச்சல் நின்றது. சோறு போட்டுக்கொண்டிருந்த பெண் அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு இருட்டில் காத்திருந்தாள். காற்று எந்தப் பக்கம் என்று அக்கரையிலிருந்து ஒருவர் சொல்லி முடிக்கும்வரை வாடிக்குள் யாரும் அசையவில்லை.